கொதிப்பு இறங்கிய பிறகு

ரெட்டியார்சத்திரத்திலிருந்து ஒட்டன்சத்திரம் போகிற ரோட்டில், கூப்பிடு தூரம் உள்ளே தள்ளி மலைச்சாமியின் தோட்டம். நாலு ஏக்கர் செம்மண். கிணற்றை ஒட்டிக் கத்தரியும் சின்ன வெங்காயமும், மேட்டில் மானாவாரியாகக் கடலை. மலைச்சாமி மாடு பூட்டிக் கமலை ஓட்டிச் சாலில் தண்ணீர் இறைப்பார். மகன் கருப்புசாமி மடை மாற்றுவான். மருமகள் முத்துப்பேச்சி களை எடுப்பாள். மனைவி அய்யம்மாள் மட்டும் ஓரிடத்தில் நிற்கமாட்டாள். மாட்டையும் மனுசரையும் கத்தரிச் செடியில் உட்கார்ந்த காக்காயையும் ஒரே குரலில் வைதுகொண்டு தோட்டம் முழுக்கச் சுற்றி வருவாள்.

கருப்புசாமி அவள் பெற்ற பிள்ளை அல்ல. அவளுடைய அக்கா மூக்காயி மலைச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டுப் பெற்றவன். அவனுக்கு ஒரு வயசு நிரம்புமுன் மூக்காயி கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். தண்ணீர் மொள்ளப் போனவள் படியில் வழுக்கிவிட்டாள் என்று ஊர் பேசியது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த தங்கச்சி அய்யம்மாளையே மறு வருசம் மலைச்சாமிக்குக் கட்டி வைத்தார்கள். மூக்காயி போய் இருபத்தாறு வருசம் ஆகிவிட்டது. அவளுக்கென்று பிள்ளை தங்கவில்லை. மலைச்சாமியை அன்றைக்குக் கூப்பிட்டது போலவே இன்றைக்கும் மச்சான் என்றுதான் கூப்பிடுவாள்.

அறுபத்தொண்ணாம் வருசம் சித்திரையில், கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தவளுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. வெயில் சூடு என்று வெங்காயத்தை நசுக்கி மோந்தாள். நிற்கவில்லை. முந்தானை முழுக்க நனைந்த பிறகுதான் மலைச்சாமி பயந்துபோய் பஸ் ஏற்றித் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப் போனார்.

மணிக்கூண்டுக்குத் தெற்கே ஒரு சந்தில் ஆனந்தமேரி டாக்டர் வைத்தியம் பார்த்துவந்தார். ஐம்பதை நெருங்கிய, அதிர்ந்து பேசாத மனுசி. அய்யம்மாளின் கையில் துணிப்பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்.

"இதென்ன தாயி இந்த இறுக்கு இறுக்குது? வளவி ஒடஞ்சிரும்."

"செத்த நேரம் பேசாம இருங்கம்மா."

டாக்டர் இரண்டு முறை அடித்துப் பார்த்தார். இருநூற்று முப்பது.

"ரத்தக் கொதிப்பு" என்றார்.

"கொதிக்கிற அளவுக்கு அவள யாரும் ஒண்ணும் சொல்லலயே டாக்டரம்மா" என்றார் மலைச்சாமி.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. "உங்க தோட்டத்துல கமலைதானே? சால் தண்ணிய கொண்டாந்து கொட்டுது. வாய்க்கால யாரோ ரெண்டு பக்கமும் நெருக்கிட்டாங்கன்னு வச்சுக்குங்க. சால் நிக்காம கொட்டுது. என்ன ஆகும்?"

"கரைய ஒடச்சுக்கிட்டுப் போகும்."

"அதுதான் மூக்குல ஒடச்சிருக்கு. அது நல்லதாப் போச்சு. தலைக்குள்ள ஒடச்சிருந்தா கை கால் விழுந்திருக்கும். ரத்தக் குழாய் இப்படி நெருங்காம இருக்கத்தான் மாத்திரை தர்றேன். உப்பைக் கொறைங்க. ஊறுகா, கருவாடு கூடவே கூடாது."

மாத்திரை வெள்ளையாக, உளுந்தை விடச் சின்னதாக இருந்தது. சர்ப்பகந்தி என்கிற செடியின் வேரிலிருந்து எடுக்கிற மருந்து என்றார் டாக்டர். மலைச்சாமி நிமிர்ந்தார்.

"அந்த வேர எங்கூரு வைத்தியரு கிறுக்குப் புடிச்சவகளுக்குல்ல அரச்சுக் குடுப்பாரு?"

"அதே வேர்தாங்கய்யா. ஆளையும் அமத்தும், ரத்தக் குழாயையும் அமத்தும். மூக்கடைக்கும், கொஞ்சம் தூக்கம் வரும். பயப்படாதீங்க."

"இவள அமத்துறதுக்கு இங்கிலீசு மருந்து வந்திருக்குன்னா சரிதான்" என்றார் மலைச்சாமி. அய்யம்மாள் அவரை அங்கேயே வைதாள்.

ஆனியில் போனபோது நூற்றுத் தொண்ணூறு இருந்தது. டாக்டர் மாத்திரையை இரண்டாக்கினார். ஆவணியில் நூற்றைம்பதுக்கு இறங்கியது. பல மாசமாக அவளைப் படுத்திய தலைவலி போன இடம் தெரியவில்லை. டாக்டர் சந்தோசப்பட்டு, இதையே விடாமல் சாப்பிடுங்கள் என்றார்.

அய்யம்மாளிடம் மாற்றம் வந்ததை வீட்டில் யாரும் முதலில் பெரிதாக எடுக்கவில்லை. மூக்கடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டாள். விடிந்து வெகுநேரம் படுத்திருந்தாள். நடை தளர்ந்தது. உப்பில்லாத கூழ் இறங்காததால் உடம்பு சோர்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். திண்டுக்கல் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்த முகமது பாரூக்தான் கருப்புசாமியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"தம்பி, அக்காவுக்கு உடம்பு எதும் சரியில்லையா? நேத்து கத்தரிக்காய்ல சொத்தை இருக்குன்னு பாதிக்குப் பாதி தள்ளுனேன். எப்பவும் எங்க வாப்பா வரைக்கும் இழுத்துப் பேசுவாங்க. ஒண்ணும் சொல்லல. சரின்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. மனசுக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு."

புரட்டாசி பிறந்தபோது அவள் தோட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பேசினால் பதில் வர நேரமாகும். வந்தாலும் ஒரு வார்த்தை. காரணமில்லாமல் கண்ணில் தண்ணீர் வடியும். துடைக்கமாட்டாள்.

ஒருநாள் மத்தியானம் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த முத்துப்பேச்சி மெதுவாகக் கேட்டாள்.

"அத்த, தூக்கத்துல யாரோடயோ பேசுறீகளே. யாரு கூட?"

அய்யம்மாள் வெகுநேரம் கழித்துச் சொன்னாள். "அக்கா வாரா."

முத்துப்பேச்சியின் கை நின்றது.

"கண்ண மூடுனாப் போதும். தலையிலருந்து தண்ணி சொட்டச் சொட்ட வந்து கால்மாட்டுல உக்காந்துக்கிர்றா. புள்ள சாப்டானான்னு கேக்கா. சாப்டான்க்கான்னு சொல்றேன். எங்க, தூக்கிக் காட்டுன்னு சொல்றா. நானும் தேடுறேன், தேடுறேன், தொட்டில்ல புள்ள இல்ல. அவன் மீச மொளச்சு நிக்கிறான்க்கான்னு சொன்னா அவளுக்கு வெளங்கல. எம்புள்ளைய என்னடி பண்ணுனேன்னு அழுகுறா."

வீட்டுக்குள் அதைக் கேட்ட பிறகு எல்லோருக்கும் பயம் பிடித்தது. மூத்தவள் வந்துவிட்டாள் என்று மலைச்சாமியின் பங்காளி வீட்டுப் பெண்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். எரியோட்டுப் பக்கமிருந்து பொம்மையன் என்கிற பேயோட்டும் கோடாங்கியை மலைச்சாமி அழைத்து வந்தார். வெள்ளிக்கிழமை காலையில் அவளை ஈரச்சேலையோடு உட்காரவைத்து உடுக்கை அடித்தான். வீட்டுக்குள் சாம்பிராணிப் புகை நிறைந்தது. யார், எங்கிருந்து வந்தாய், என்ன வேண்டும் என்று பொம்மையன் தொண்டை கிழியக் கேட்டான். அய்யம்மாள் தலைவிரித்து ஆடவில்லை, கத்தவில்லை. கல்லாக உட்கார்ந்திருந்தாள். உச்சிப்பொழுதில் அவன் களைத்து உடுக்கையைக் கீழே வைத்தபோது, "முடிஞ்சிருச்சாய்யா? நான் போயிப் படுத்துக்கிறட்டா?" என்றாள்.

பொம்மையன் எழுந்து முகம் கழுவினான். "பேயின்னா எங்கிட்டப் பேசிருக்கும்" என்றான் மலைச்சாமியிடம். "இது வேற. என்னமோ இந்தம்மா உள்ளுக்குள்ளயே காலி ஆயிட்டாக. எனக்குக் காணிக்கை வேணாம்." சாப்பிடக்கூட உட்காராமல் போய்விட்டான்.

நாலு நாள் கழித்து, வெயில் ஏறிய பிறகு மலைச்சாமி மாடுகளை அவிழ்த்து வேம்படியில் கட்டப் போனார். கருப்புசாமி வெங்காயம் ஏற்றிக்கொண்டு வண்டியோடு திண்டுக்கல் போயிருந்தான். கடைசிப் பாத்தியில் மடையை அடைத்துவிட்டு நிமிர்ந்த முத்துப்பேச்சி, கிணற்றுப் படியில் அய்யம்மாளைக் கண்டாள். வீட்டிலிருந்து எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஐந்தாறு படி இறங்கி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்துப்பேச்சி சத்தம் போடவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு மெல்லப் படியிறங்கி, அவளுக்குக் கீழ்ப்படியில், தண்ணீருக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மாமியாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

"என்னத்த, இங்க வந்து உக்காந்திருக்கீக?"

"அவ வழுக்கி விழுகலடி."

"யாரு?"

"எங்கக்கா. அவளாத்தான் எறங்குனா. அன்னைக்குக் காலையில புள்ளைய எங்கையில குடுத்தா. நான் இல்லாட்டி இவன நீ பாத்துக்கிருவியாடின்னு கேட்டா. எனக்குத் தெரியும்டி. அவ எதுக்குக் கேக்கான்னு தெரியும். மொத நாளு அவ முதுகுல நாந்தான் வேப்பெண்ணெ தடவுனேன். தடிப்புத் தடிப்பா, கைய வைக்க எடமில்ல. தெரிஞ்சும் பாத்துக்கிருவேன்க்கான்னு சொன்னேன். மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, புள்ளைய விட்டுட்டு எறங்கிருப்பாளா?"

அழாமல், குரல் ஏறாமல், யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். "அவ வீடு. அவ புருசன். அவ புள்ள. இம்புட்டு வருசம் நான் தின்னதெல்லாம் அவ சோறு. போதும்டி. நான் அவகிட்டப் போறேன்."

முத்துப்பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். மேலே கமலை மரத்தைப் பிடித்துக்கொண்டு மலைச்சாமி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் வாய் திறந்திருந்தது. முத்துப்பேச்சி, "மாமா, வந்து ஒரு கை புடிங்க" என்றாள். அவர் இறங்கி வரவில்லை. அவளேதான் மாமியாரை அணைத்து ஒவ்வொரு படியாக மேலே ஏற்றினாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் முத்துப்பேச்சி அவளைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் காற்றடித்துப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"நூத்தி நாப்பது. ரொம்ப நல்லாருக்கு. இப்படியே தொடரலாம்."

முத்துப்பேச்சி எழுந்திருக்கவில்லை. "டாக்டரம்மா, கொதிப்பு நல்லாத்தான் இருக்கு. எங்கத்த நல்லா இல்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். முத்துப்பேச்சி எல்லாவற்றையும் சொன்னாள். மூக்கடைப்பு, விடிய விடியக் கனவு, அழுகை, கோடாங்கி, கிணற்றுப் படி. படியில் பேசிய பேச்சை மட்டும் சொல்லவில்லை. டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அய்யம்மாளின் பக்கம் நாற்காலியை நகர்த்தி, "செத்துப்போயிரணும்னு தோணுதாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா தாயி" என்றாள் அய்யம்மாள், வயிறு பசிக்கிறதா என்று கேட்டதற்குச் சொல்வது போல.

டாக்டர் மேசையிலிருந்த மருந்துச் சீட்டை எடுத்துக் கிழித்தார். "இது பேயும் இல்ல, செய்வினையும் இல்ல. நான் குடுத்த மாத்திரை. நரம்போட நுனியில ஒரு சரக்கு சேத்து வச்சிருக்கும். ரத்தக் குழாய இறுக்கச் சொல்றது அதுதான். இந்த மாத்திரை அத ஒழுக விட்டுடும். குழாய் தளர்ந்து கொதிப்பு எறங்கும். ஆனா மனசு தெம்பா இருக்கறதுக்கும் மூளையில அதே மாதிரிச் சரக்குதான் வேணும். இவங்களுக்கு அதுவும் சேந்து வடிஞ்சிருச்சு. சில பேருக்கு இப்படி ஆகும்னு புஸ்தகத்துல படிச்சிருக்கேன். போன மாசம் வந்தப்ப நான் மனசப் பத்திக் கேட்டிருக்கணும். கேக்கல."

"அப்ப நிறுத்திட்டா சரியாயிருமா?"

"நாளைக்கே ஆகாது. வடிஞ்சது திரும்ப ஊறணும். மூணு வாரம், ஒரு மாசம்கூட ஆகலாம். அதுவரைக்கும் ஒரு நிமிசம் தனியா விடாதீங்க. இன்னொண்ணு, இத நிறுத்துனா கொதிப்பு மறுபடி ஏறும். வேற மருந்து மதுரையிலருந்து வரணும், பத்து நாளாகும். அதுக்குள்ள ஏதாச்சும் ஒடச்சுக்கிட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டு பக்கமும் ஆபத்துதான். இந்தப் பக்கம் கொஞ்சம் கம்மி."

வீடு திரும்பியதும் முத்துப்பேச்சி மீதி மாத்திரைகளை அடுப்பில் போட்டாள். கிணற்றுப் படிக்கு முள் வெட்டிப் போட்டு அடைத்தான் கருப்புசாமி. படுக்கும்போது முத்துப்பேச்சி தன் முந்தானையை மாமியாரின் முந்தானையோடு முடிந்துகொண்டாள். பகலில் களைக்குப் போகும்போதும் கூட்டிப் போய் வரப்பில் உட்காரவைத்தாள். ஒரு வாரத்தில் தலைவலி திரும்பியது. நெற்றி நரம்பு புடைத்தது. கருப்புசாமி சைக்கிளிலேயே திண்டுக்கல் போய் மருந்து வந்துவிட்டதா என்று இரண்டு முறை பார்த்துவந்தான். கிணற்றடியில் என்ன பேச்சு நடந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் புது மாத்திரை வந்தது. இது உப்பையும் தண்ணீரையும் சிறுநீராக வெளியே தள்ளிக் கொதிப்பைக் குறைக்கும் என்றார் டாக்டர். நாளுக்குப் பத்து முறை எழுந்து போனாள். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. உப்போடு உடம்புக்கு வேண்டிய சத்தும் போவதால் அப்படி இழுக்கும், இளநீரும் வாழைப்பழமும் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மலைச்சாமி தினமும் மரமேறி இரண்டு இளநீர் வெட்டிக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைப்பார். வைத்துவிட்டு உடனே போய்விடுவார். அவள் முகத்தைப் பார்க்கமாட்டார்.

ஐப்பசி மழை பிடித்து ஓய்ந்த ஒரு காலை. வரப்பில் உட்கார்ந்திருந்த அய்யம்மாள் திடீரென்று குரல் கொடுத்தாள். "ஏலே கருப்பு! அந்தா மூணாம் பாத்தியில தண்ணி கட்டி நிக்குது. வெங்காயம் அழுகுனாத்தான் ஒனக்குக் கண்ணு தெரியுமா?" மூன்று பேரும் போட்டது போட்டபடி நின்றார்கள். முத்துப்பேச்சி சேற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பியது. பசி வந்தது, கோபம் வந்தது. மார்க்கெட்டில் பாரூக்கோடு சண்டை போட்டாள். மூக்காயி கனவில் வருவது குறைந்து, கார்த்திகையோடு நின்றுபோனது.

ஒரு சாயங்காலம் கடலை உடைத்துக்கொண்டிருந்தபோது மலைச்சாமியைப் பார்க்காமலே அய்யம்மாள் சொன்னாள்.

"மச்சான், அந்தக் கெணத்தடியில நான் என்னென்னமோ பேசுனேனாம்ல. அதெல்லாம் மாத்திர பேசுனது. மனசுல வச்சுக்கிறாதீக."

மலைச்சாமி உடைத்த கடலையைக் கையிலேயே வைத்திருந்தார். "சரி புள்ள" என்றார்.

தையில் டாக்டரிடம் அவளைக் கூட்டிப் போனார். நூற்று அறுபது. பரவாயில்லை, இதற்கு மேல் அமுக்க வேண்டாம் என்றார் டாக்டர். அய்யம்மாள் வெளியே போன பிறகு மலைச்சாமி துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"டாக்டரம்மா, அந்தப் பழைய மாத்திர. அத நான் சாப்பிட்டா எனக்கும் செத்தவுக கனவுல வருவாகளா?"

டாக்டர் அவரைப் பார்த்தார். "எதுக்குங்கய்யா?"

"இருபத்தாறு வருசத்துல எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல. ஒரு தடவ வந்தாப் போதும்."

டாக்டர் காற்றடிக்கிற பட்டையைச் சுருட்டி வைத்தார். "அது கொதிப்புக்கு உள்ள மருந்துங்கய்யா" என்றார். "அதுக்குத் தரமுடியாது." மலைச்சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

மாசியில் வெயில் ஏறி மறுபடி கமலை ஓடியது. ஒரு நாள் அவர் நடு இறக்கத்தில் மாடுகளை நிறுத்திவிட்டார். சால் பாதிக் கிணற்றில் தொங்கித் தண்ணீர் ஒழுகியது. மடை வறண்டதும் என்னவென்று பார்க்கக் கருப்புசாமி வந்தான். மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு மலைச்சாமி சொன்னார். அவன் ஆத்தா வழுக்கி விழவில்லை, அவளாகத்தான் இறங்கினாள் என்று சொன்னார். முந்தின நாள் அவளைத் தான் அடித்ததைச் சொன்னார். அதற்கு முன்னும் அடித்ததுண்டு, அதற்குப் பிறகு ஒரு மனுசர் மேலும் கை நீட்டவில்லை என்று சொன்னார். வழுக்கி விழுந்தாள் என்று ஊர் சொன்னபோது தானும் அதையே சொன்னதாகச் சொன்னார்.

கருப்புசாமிக்கு இருபத்தேழு வயசு. தாயின் முகம் தெரியாது. ஒரு படம்கூட இல்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"எதால அடிச்ச?"

மலைச்சாமி கையிலிருந்த சாட்டைக் கம்பைப் பார்த்தார். "இது மாதிரி ஒண்ணு."

"எதுக்கு அடிச்ச?"

மலைச்சாமி யோசித்தார். கிணற்றுப் பக்கம் பார்த்தார், வேப்பமரத்தைப் பார்த்தார். பொய் சொல்வதற்காக அல்ல, உண்மையாகவே தேடினார்.

"ஞாபகமில்லப்பா" என்றார்.

கருப்புசாமி கீழே குனிந்து நின்றான். அவன் தோள் அசைந்தது. மாடுகள் கால் மாற்றின.

"எதுக்குன்னு சின்னாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும். அவ முதுகுல எண்ணெ தடவிவிட்டவ. சொல்லிருப்பா ஒங்காத்தா."

அப்போது வீட்டுப் பக்கமிருந்து அய்யம்மாள் கூழ்ச்சட்டியைச் சுமந்துகொண்டு, மடை ஏன் காய்ந்து கிடக்கிறது என்று தூரத்திலிருந்தே வைதுகொண்டு வந்தாள். கருப்புசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டான். தகப்பனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"அவுககிட்டக் கேக்காத. கொதிப்பு ஏறிரும்."

மலைச்சாமி தலையாட்டினார். அதற்குப் பிறகு ஒன்பது வருசம் உயிரோடு இருந்தார். அய்யம்மாள் அவரை விட நல்ல தெம்போடு இருந்தாள். அவர் அவளிடம் கேட்கவில்லை. எதற்கு அடித்தோம் என்பது அவருக்குத் தானாகவும் நினைவுக்கு வரவில்லை.